அதிதி இலையை விட்டு எழவில்லை

அத்தியாயம் 4

எங்கள் தொழிலில் பிணம் என்று ஒன்று நிலையாகக் கிடைப்பதில்லை. செத்தவர் நாலு நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்துகொள்வார். சாயங்காலம் மறுபடியும் சாவார். அதற்கு நடுவில் யார் கொன்றது என்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். என் பெயர் நயீம். கணினிகள் ஏன் விழுகின்றன என்று துப்பறியும் சாயாதேவி பொட்லூரிக்கு ஒரே உதவியாளன், ஒரே ஓட்டுநர், டீக்கடை விஷயத்தில் ஒரே ஆலோசகன்.

அந்தப் புதன்கிழமை காலை மாதாப்பூரில் ‘பச்சபந்திரி’ நிறுவனத்தின் ஐந்தாம் மாடிக்குப் போனோம். செத்தவரை முதலில் கும்பிட வேண்டியிருந்தது. கண்ணாடி அறைக்குள் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அலமாரி, அதற்குள் சர்வர். அலமாரியின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும். கைப்பிடியில் எலுமிச்சை, மிளகாய். வாசலில் உடைத்துப் போட்ட பூசணிக்காயை இன்னும் யாரும் அள்ளவில்லை.

“மேடம், வைத்தியமெல்லாம் முடிஞ்சுபோச்சு போல. நம்மளக் காரியத்துக்குத்தான் கூப்பிட்டிருக்காங்க.”

“வாயை மூடிட்டு செருப்பைக் கழட்டு,” என்றார் சாயாதேவி.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. கைத்தறிச் சேலை, கழுத்தில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, எப்போதும் ஒரே சுருதியில் பேசும் குரல். யோசனை வந்தால் உஸ்மானியா பிஸ்கட்டை டீயில் முக்குவார். அது கரைந்து உள்ளே விழுவதற்குள் வாயில் போட்டுவிட்டால் துப்பு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். விழுந்துவிட்டால் எனக்கு இன்னொரு டீ வாங்கும் வேலை.

பச்சபந்திரி என்றால் தெலுங்கில் பச்சைப் பந்தல். செய்வது கல்யாண வியாபாரம். மண்டபம், சமையல்காரர், மேளம், மாப்பிள்ளை ஏறும் குதிரை என்று எதையும் ராஜமுந்திரியிலோ வரங்கலிலோ உட்கார்ந்தபடி போனிலேயே பிடித்துக்கொள்ளலாம். யுகாதி வரைக்கும் சர்வர் நன்றாகத்தான் இருந்ததாம். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை விழுந்தது. இப்போது தினம் இரண்டு முறை. போன முகூர்த்தத்தில் விழுந்து எழுந்ததில் ஒரே குதிரையை மூன்று மாப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டது. குதிரைக்காரர் இன்னும் போனை எடுக்கவில்லை என்று சொன்னார்கள்.

சொன்னவர் கோட்டேஸ்வர ராவ், தெலுங்கு மரியாதையில் ராவ் காரு. சர்வரை ஓட்டும் இலாகாவுக்குத் தலைவர். அவருடைய அறை வாசலில் ‘போர் அறை’ என்று பலகை மாட்டியிருந்தது. உள்ளே மேஜை மேல் மூன்று கேடயங்கள், மூன்றிலும் ‘மாத வீரர்’ என்று அவர் பெயர்.

“எதுக்கு சார் இதெல்லாம்?” என்றேன்.

“விழுந்தா எழுப்பறேன்ல பாய். நாலே நிமிஷம். இந்தக் கையால,” என்று வலது கையைக் காட்டினார். அதில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது.

“ஏன் விழுதுன்னு பாத்தீங்களா?” என்று சாயாதேவி கேட்டார்.

“பாக்க எங்க மேடம் நேரம்? எழுப்பறதுக்கே ரெண்டு ஷிப்ட் ஆள் போதல.”

போர் அறையின் சுவரில் ஒரு பெரிய திரை. சர்வரின் நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று ஒரு கோடு காட்டிக்கொண்டிருந்தது. கோடு மெல்ல மெல்ல ஏறும், உச்சியைத் தொட்டதும் சர்வர் விழும், ராவ் எழுப்பியதும் அடியிலிருந்து மறுபடி ஏறும்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜாவாவில் எழுதிய சர்வருக்குள் குப்பை வண்டி ஒன்று ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். யாருக்கும் வேண்டாததை அதுவே அள்ளிக்கொண்டு போய்விடும். ஆனால் ‘அது என்னுது’ என்று யாராவது ஒருவர் கையை வைத்திருந்தால் தொடாது. எங்கள் வீட்டு பால்கனியில் ஓடாத ஏர் கூலர் ஒன்று வருஷக்கணக்காக நிற்கிறது. ‘இருக்கட்டும்’ என்று என் மாமியார் சொல்வதால் நிற்கிறது. ஆயிரம் மாமியார்கள் ஆயிரம் கூலர்களைப் பிடித்துக்கொண்டால் வீட்டில் மனுஷன் நிற்க இடம் இருக்காது. சர்வர் சாவது அப்படித்தான். இடம் இல்லாமல் மூச்சுத் திணறிச் சாகும். எது சேர்கிறது, யார் அதை விடாமல் பிடித்திருக்கிறார்கள் என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

சாயாதேவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார். போன வாரத்துக் கோட்டைக் காட்டச் சொன்னார்.

“இது என்ன சமதளம்? ஏறிட்டே வந்து இங்க கொஞ்ச நேரம் படுத்திருக்கு.”

“எதிராளிக்கும் டீ குடிக்க நேரம் வேணாமா மேடம்?” என்றார் ராவ்.

“எந்த எதிராளி?”

“போட்டிக் கம்பெனிக்காரங்கதான். வெளியிலேர்ந்து தாக்கறாங்க. எனக்கு சந்தேகமே இல்ல.”

“செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு டீ குடிக்கறாங்க. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு. வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில. எந்த ஊர்ல ராவ் காரு இப்படி டீ குடிக்கறாங்க?”

“எங்க தெருவுல குடிப்பாங்க மேடம்,” என்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சர்வரின் நினைவகத்தை அப்படியே ஒரு படம் எடுக்க வேண்டும், ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று எடுக்க வேண்டும் என்றார் சாயாதேவி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நடுவில் வீங்கியது எது என்று தெரியும். எங்கள் வித்தை மொத்தமும் அவ்வளவுதான். ராவ் பதறிப்போனார். படம் எடுக்கும்போது சர்வர் இரண்டு நிமிஷம் நிற்கும், அதற்கு முதலாளி அனுமதி வேண்டும் என்றார்.

“தினம் ரெண்டு தடவை சாகறது. ஒரு தடவை மூச்சை அடக்கினா ஒண்ணும் ஆகாது. எடுக்கச் சொல்லுங்க.”

எடுத்துக் கொடுத்தது ஹைமா என்ற பெண். மூலையில் மேஜைக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். வயிறு அதற்கு மேல் கிட்டே வர விடவில்லை. எட்டாம் மாதம். புரோகிராம் எழுதும் கூட்டத்தில் இருந்தவளை மூன்று வாரமாகப் போர் அறையிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குக் கீழே கரி பூசியது போல இருந்தது. அவள் விரல்கள் மட்டும் தூங்காமல் வேலை செய்தன. முதல் படத்தை எடுத்தாள். நாங்கள் கீழே போய் இரண்டு டீ குடித்துவிட்டு வந்ததும் இரண்டாவதையும் எடுத்தாள்.

வீங்கியது எது என்று உடனே தெரிந்துவிட்டது. செஷன்.

பச்சபந்திரி கணக்கில் சொன்னால் அது இலை. பந்திக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் சர்வர் ஓர் இலை போடும். அவர் எழுந்து போனதும் எடுத்துவிடும். சொல்லாமல் போய்விட்டால் அரை மணி நேரம் பார்த்துவிட்டு எடுத்துவிடும். இங்கே ஆயிரக்கணக்கில் இலைகள் எடுக்கப்படாமல் கிடந்தன. வெறும் இலைகூட இல்லை. ஒவ்வொன்றிலும் அன்றைய மண்டபம், குதிரை, மேளம் என்று மொத்தப் பட்டியலும் பரிமாறி வைத்திருந்தது. எல்லா இலைக்கும் முன்னால் ஒரே பெயர்.

“அதிதி,” என்று படித்தார் சாயாதேவி. “யாரு இது? இவ்வளவு சாப்பிடறவரு?”

ஹைமாவின் முகம் வெளுத்துவிட்டது. “அது ஆளில்ல மேடம். நான் வெச்ச கதவு. கடவுச்சொல் இல்லாம உள்ள வர்றவங்க எல்லாருக்கும் விருந்தாளிங்கற அர்த்தத்துல அந்தப் பேருதான். இன்னைக்கு எத்தனை கல்யாணம் பதிவாச்சுங்கற ஒரு பக்கம் மட்டும் பாக்கலாம்.”

“இலையை ஏன் எடுக்கல?”

“அதிதிக்கு மட்டும் எடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. பெரிய இடத்து வாடிக்கையாளர், இலையை எடுத்தா பக்கம் மறுபடி கடவுச்சொல் கேக்கும், கோவிச்சுக்குவார்னு ராவ் சார்தான்...”

“நானா?” என்றார் ராவ். “நான் எப்போம்மா சொன்னேன்? எழுத்துல இருக்கா?”

“இல்ல சார். லிப்ட்ல சொன்னீங்க.”

“லிப்ட்ல எத்தனையோ பேர் என்னென்னவோ பேசுவாங்க. மேடம், நான் சொன்னேன்ல, போட்டிக்காரங்கன்னு. நம்ம கல்யாணக் கணக்கை வேவு பாக்கறாங்க. அதுக்குக் கதவைத் திறந்து வெச்சது யாருன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு.”

“எங்கிருந்து வர்றாங்கன்னு பதிவு இருக்குமே?” என்று நான் கேட்டேன்.

“எல்லாரும் முன் வாசல் மெஷின் வழியாத்தான் வரணும் பாய். அந்த மெஷின் பேரு மட்டும்தான் பதிவாகும்,” என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனார் ராவ். சர்வரை எழுப்பப் போவதைவிட வேகமாகப் போனார்.

திரும்பி வரும்போது கூடவே பாபினீடு காரு வந்தார். பச்சபந்திரிக்குச் சொந்தக்காரர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, விரலுக்கு ஒரு கல். போர் அறையில் வேலை செய்த நாற்பது பேரும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். ஹைமா எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமானது. அதுவரை அவர் காத்திருந்தார்.

“நீதானா? சோறு போட்ட வீட்டுல திருடனுக்குக் கதவைத் திறந்து விட்டிருக்கியே. கேட்டுக்கோங்க எல்லாரும். அந்த அதிதிக்குக் கதவு திறந்தவங்க இன்னைக்கே வீட்டுக்குப் போகணும். ஏழுமலையான் சாட்சி.” கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டு அடிக்கப் போகிறது. முகம் மாறியது. “ஒன்றரைக்கு மேல என் அறைக்கு வரச் சொல்லு. ராகு காலத்துல எனக்கு யார் கூடவும் பேச்சு கிடையாது.”

வந்த வேகத்தில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ராவ் சாப்பிடப் போனார்.

ஹைமா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். “வேலை போனா இன்ஷூரன்சும் போயிடும் மேடம்,” என்றாள். “ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதைக்கூட எப்படியாவது பாத்துக்கலாம். திருடனுக்குக் கதவு திறந்தவன்னு பேர் வந்துட்டா, இந்த ஊர்ல இனிமே என்னை எவன் உள்ள விடுவான்?”

நானும் ஒருமுறை மேலாளர் லிப்டில் சொன்னதை நம்பி வேலையை விட்டவன்தான்.

“ஒன்றரை மணி நேரம் இருக்கு,” என்றார் சாயாதேவி. “நயீம், டீ.”

“இப்பவா மேடம்?”

“இப்பத்தான்.”

டீயோடு வந்தபோது அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பிஸ்கட். நானும் பார்த்தேன். காலையிலிருந்து ஏறிக்கொண்டே இருந்த கோடு, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஏறுவதை நிறுத்திவிட்டிருந்தது. பாய் விரித்துப் படுத்தது போல நேராகக் கிடந்தது.

“நயீம், இன்னைக்கு என்ன கிழமை?”

“புதன், மேடம்.”

“புதன்கிழமை பன்னிரண்டு மணி. செவ்வாய் மூணு மணி. வெள்ளி பத்தரை. வியாழன் ஒன்றரை.” பிஸ்கட்டை டீயில் முக்கி, கரைவதற்குள் வாயில் போட்டுக்கொண்டார். “வரவேற்பறையில தினசரி காலண்டர் தொங்குதே, போய்ப் பாத்துட்டு வா. வேண்டாம், உனக்கு எதுக்கு சிரமம். ஹைமா, உனக்கு மனப்பாடமா இருக்குமே.”

ஹைமா வாயில் கையை வைத்துக்கொண்டாள். “ராகு காலம், மேடம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “போட்டிக் கம்பெனிக்காரன் பஞ்சாங்கம் பாத்துத் தாக்கறானா? ரொம்ப ஆச்சாரமான திருடன் மேடம். எங்க ஏரியா திருடனுங்க வெள்ளிக்கிழமை தொழுகைக்குத்தான் லீவு விடுவாங்க.”

“சிரிச்சது போதும். இந்த ஆபீஸ்ல யார் யார் ராகு காலம் பாக்கறாங்கன்னு கேட்டுட்டு வா.”

கேட்டேன். நாற்பது கையும் உயர்ந்தன. புது புரோகிராமை ராகு காலத்தில் சர்வரில் ஏற்ற மாட்டார்களாம். கேன்டீனில் அடுத்த அண்டா பிரியாணியை அடுப்பில் ஏற்றாமல் சமையல்காரர் சட்டுவத்தோடு உட்கார்ந்திருந்தார். இவ்வளவு பேரை வைத்துக்கொண்டு எந்தப் போலீஸாலும் அடையாள அணிவகுப்பு நடத்த முடியாது. திரும்பி வந்து அப்படியே சொன்னேன்.

“பிரியாணி அடுப்புல ஏற்கெனவே ஒண்ணு இருந்துதா?” என்றார் சாயாதேவி.

“இருந்துது. தளதளன்னு கொதிக்குது.”

“அதை இறக்கி வெச்சாரா?”

“பிரியாணியை யாராவது பாதியில இறக்குவாங்களா மேடம்?”

“அதான். ராகு காலத்துல புதுசா ஒண்ணை ஆரம்பிக்க மாட்டாங்க, ஓடிட்டிருக்கிறதை நிறுத்த மாட்டாங்க. எல்லாரும் அப்படித்தான். நம்ம அதிதி நல்லா ஓடிட்டிருக்கிறதையே நிறுத்தறார். அவ்வளவு பயம். ஹைமா, போன திங்கக்கிழமையைக் காட்டு. திங்கக்கிழமை ராகு காலம் காலையில ஏழரை.”

திங்கட்கிழமைக் கோட்டில் சமதளமே இல்லை. காலை முழுக்க ஏறியிருந்தது.

“சனிக்கிழமை ஒன்பது மணி?”

அங்கேயும் இல்லை. ஞாயிறு சாயங்காலமும் இல்லை.

“திங்கக்கிழமையும் சனிக்கிழமையும் காலையில ராகு இல்லையா மேடம்?” என்றேன்.

“ராகு இருக்கார். அதிதி ஆபீஸுக்கு வரல. அவர் வர்றதுக்கு முன்னாலயே ராகு காலம் முடிஞ்சுபோச்சு. ஞாயித்துக்கிழமை அவருக்கு லீவு. அதனால நிறுத்த ஆளில்லாம அது பாட்டுக்கு ஓடுது. ராத்திரியிலயும் ஓடுது.”

“அப்ப அதிதி வெளியாள் இல்ல.”

“இல்ல. பத்தரை மணி வாக்குல ஆபீஸுக்கு வர்ற உள்ளாள்.”

நான் அந்த மாடி முழுக்க ஒருமுறை கண்ணை ஓட்டினேன். இங்கே எட்டரைக்கு ஒரு நிமிஷம் தாமதமானால் வாசல் இயந்திரம் கூவும் என்று பலகையே வைத்திருந்தார்கள். ராவ் ஏழு மணிக்கே வந்துவிடுவார், காலைச் சாவைத் தவற விட மாட்டார். பத்தரை வாக்கில் வருகிறவர் லிப்டில் ஏறினால் மற்றவர்கள் எல்லாரும் இறங்கி வழி விடுவார்கள். அப்படிப்பட்ட ஆள் இந்த மாடியில் ஒருவர்தான். எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது, எங்களுக்குக் கூலி கொடுக்க வேண்டியவரும் அவர்தானே.

“மேடம், அவர் அறையில கம்ப்யூட்டரே கிடையாதாம். தொட மாட்டாராம்.”

“எதைத் தொடுவார்னு பாத்துட்டு வா.”

பாபினீடு காருவின் அறைக்கு முன்புறம் பாதிக் கண்ணாடி. கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு, வழி தவறியவன் மாதிரி இரண்டு தடவை அதன் முன்னால் நடந்தேன். உள்ளே அவர் எவர்சில்வர் டப்பாவிலிருந்து பப்பு சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே ஏழுமலையான் படம், மாலையோடு. எதிர்ச் சுவரில் கதவு அளவுக்கு ஒரு டிவி. அணைந்திருந்தது. ரிமோட்டை ஒரு பித்தளைத் தட்டில், மஞ்சள் தடவி வைத்திருந்தார்.

வந்து சொன்னேன். சாயாதேவி மீதி டீயைக் குடித்து முடித்தார். “ஹைமா, முகத்தைக் கழுவிட்டு வா. ஒன்றரைக்குப் போலாம். நயீம், உன் லேப்டாப்புல அந்தக் கோட்டைத் திறந்து வெச்சுக்கோ.”

ஒன்றரைக்குப் போனோம். ராவ் முன்பே உள்ளே நின்றிருந்தார், முகத்தில் சாப்பாட்டுக் களையோடு. பாபினீடு காரு தொண்டையைச் செருமிக்கொண்டு ஹைமாவைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் சாயாதேவி முந்திக்கொண்டார்.

“முதல்ல டிவியைப் போடுங்க, பாபினீடு காரு. நல்ல நேரம் வந்தாச்சு.”

அவருக்கு அது பிடித்துவிட்டது. ரிமோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுத்தினார். டிவியில் பெரிய எழுத்தில் அன்றைக்குப் பதிவான கல்யாணங்களின் எண்ணிக்கை வந்தது. அதற்குக் கீழே சர்வரின் நினைவகத்தைக் காட்டும் முள், பாதி சிவப்பில் நின்றது. ராவ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கோட்டைப் பாரு நயீம்.”

“ஏற ஆரம்பிச்சுடுச்சு மேடம்.”

“கொஞ்சம் அணைங்க.”

அணைத்தார். கோடு நின்றது. போடச் சொன்னார், ஏறியது. அணைக்கச் சொன்னார், நின்றது. மூன்றாவது தடவை பாபினீடு காருவே எழுந்து வந்து என் லேப்டாப்பைப் பார்த்தார். முகமெல்லாம் பெருமை.

“பாத்தியா ராவ். நான் கை வெச்சா சர்வர் கேக்குது. என் ராசி அப்படி.”

“ராசிதான்,” என்றார் சாயாதேவி. “அந்த அதிதி நீங்கதான்.”

சாயாதேவி டிவியைக் கை காட்டினார்.

“உங்க டிவி அஞ்சு நொடிக்கு ஒரு தடவை சர்வர்கிட்ட போய் எண்ணிக்கை கேக்குது. ஒவ்வொரு தடவையும் ‘நான் புதுசா வந்திருக்கேன்’னு சொல்லுது. சர்வர் புது இலை போட்டு மொத்தப் பட்டியலையும் பரிமாறுது. முன்னால போட்ட இலையை எடுக்கலாம்னா, அதிதியோட இலையை எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. இடம் நிறைஞ்சு சாகுது.”

“என் டிவிக்கு என்னை ஞாபகம் இருக்காதா?”

“இருக்காது. எதையும் ஞாபகம் வெச்சுக்காதபடி யாரோ அதை மாத்தி வெச்சிருக்காங்க. ராவ் காரு?”

ராவ் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். “முதலீட்டுக்காரங்க வந்தப்போ சார், நீங்க டிவியைப் போட்டீங்க. நீங்க முன்னாடி தேடினதெல்லாம் வரிசையா வந்துது. மூட்டுவலித் தைலம், முடி கொட்டறதுக்கு எண்ணெய்... இனிமே இதுக்கு எதுவுமே ஞாபகம் இருக்கக் கூடாதுன்னு நீங்கதான் சார் சொன்னீங்க.”

“எல்லாத்தையும் மறக்கற டிவி. எதையும் மறக்கக் கூடாதுன்னு உத்தரவு வாங்கின சர்வர்,” என்றார் சாயாதேவி. “யுகாதி அன்னைக்குத் தேங்காய் உடைச்சு இந்த டிவியை மாட்டியிருப்பீங்க. அப்ப நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் கேட்டிருக்கும், வாரம் ஒரு தடவைதான் சர்வர் விழுந்திருக்கும். விழ ஆரம்பிச்சதும் கவலை வந்துடுச்சு. உன்னிப்பாப் பாக்கணும், அஞ்சு நொடிக்கு ஒரு தடவை காட்டுன்னு சொல்லியிருப்பீங்க.”

“கம்பெனி உடம்பு சரியில்லாதப்போ நான் பாக்காம வேற யார் பாப்பாங்க?” அவர் ரிமோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். “ராகு காலத்துல மட்டும்தான் பாக்க மாட்டேன். லாபத்தை அந்த நேரத்துல பாத்தா கண்ணு பட்டுடும்னு விஜயவாடா ஜோசியர் சொன்னார்.”

“அந்த ஒன்றரை மணி நேரம்தான் உங்க சர்வர் நிம்மதியா இருந்துது.”

பாபினீடு காரு நாற்காலியில் உட்கார்ந்தார். “அப்ப, நாள் முழுக்க ராகு காலமா வெச்சுக்க ஏதாவது வழி இருக்கா?” என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

“அதுக்கு முன்னால ஒரு விஷயம் பாக்கி இருக்கு,” என்றார் சாயாதேவி. “அதிதிக்குக் கதவு திறந்தவங்க இன்னைக்கே வீட்டுக்குப் போகணும்னு ஏழுமலையானைச் சாட்சி வெச்சீங்க.”

அவர் மெல்ல ராவ் பக்கம் திரும்பினார். “நீதான் இந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா? லிப்ட்ல?”

“சொன்னேன் சார்.” ராவின் குரல் கால்வாசியாகிவிட்டது. “நீங்க என்கிட்ட கார்ல சொன்னீங்க சார். கடவுச்சொல் கேக்காம பண்ணு, இல்லாட்டி சீட்டைக் கிழிச்சுடுவேன்னு.”

“அதிதி யாருன்னு தெரிஞ்சுமா காலையில இவ மேல பழி போட்டீங்க?” என்று நான் கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாதுதான். ராவ் கையிலிருந்த சிவப்புக் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தார்.

பாபினீடு காரு தலையை உயர்த்தி ஏழுமலையான் படத்தைப் பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்தும் உதவி வரவில்லை. கடைசியில், “வீட்டுக்கு வந்த அதிதியைப் போன்னு சொல்றது நம்ம வழக்கமில்ல. அது பாவம். அதனால யாரையும் அனுப்ப வேண்டாம்,” என்றார். “நீ இருந்துக்கோம்மா.”

ஹைமா நகரவில்லை.

“என்ன?”

“நாற்பது பேர் முன்னால திருடனுக்குக் கதவு திறந்தவன்னு சொன்னீங்க சார். இதையும் அங்கேயே வந்து சொல்லுங்க.”

பாபினீடு காரு சாயாதேவியைப் பார்த்தார். சாயாதேவி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் எழுந்து போர் அறைக்கு வந்து, “ஹைமா மேல தப்பு எதுவும் இல்ல,” என்று மேஜையைப் பார்த்துச் சொன்னார். “சார், கடைசியில கேக்கல,” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அந்தப் புண்ணியவான் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. பாபினீடு காரு இன்னொரு தடவை உரக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் ஹைமா நாற்காலியில் உட்கார்ந்தாள். அதிதிக்கும் மற்றவர்களைப் போல அரை மணி நேரம்தான் என்று ஒரு வரியை மாற்றினாள். கடவுச்சொல் இல்லாமல் யாரும் உள்ளே வர முடியாதபடி கதவையும் சாத்தினாள். கடைசியாக ஒருமுறை சர்வரை எழுப்ப வேண்டும் என்றாள். ராவ் முன்னால் வந்து நாலு நிமிஷத்தில் எழுப்பினார், கண் கலங்கியிருந்தது. நாங்கள் எல்லாரும் கோட்டைப் பார்த்தோம். கொஞ்சம் ஏறியது, குப்பை வண்டி வந்தது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. உயிரோடு இருப்பவர் மூச்சு விடுவது அப்படித்தான் இருக்கும். ராவ் கேடயங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜை டிராயருக்குள் வைத்தார்.

ஹைமா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “வீட்டுக்குப் போறேன் மேடம். மூணு வாரமாச்சு ஒழுங்காத் தூங்கி. நாளைக்கு வர்றேன்.”

“போனை அணைச்சுட்டுத் தூங்கு,” என்றார் சாயாதேவி.

நாங்கள் விடைபெற்றுக்கொள்ளப் போனபோது பாபினீடு காரு பித்தளைத் தட்டிலிருந்து ரிமோட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். ராவ் பக்கத்தில் நின்றார். அழுத்தியதும் டிவியில் கல்யாண எண்ணிக்கை வரவில்லை. வெள்ளையாக ஒரு கட்டம் வந்தது. கடவுச்சொல் கேட்டது.

“என்னய்யா இது?”

“கடவுச்சொல் கேக்குது சார்.”

“தெரியுது. என்ன அது?”

ராவ் என்னைப் பார்த்தார். நான் சாயாதேவியைப் பார்த்தேன். சாயாதேவி கைப்பையில் பிஸ்கட் பொட்டலத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

“அது ஹைமாவுக்குத்தான் சார் தெரியும்.”

“கூப்பிடு.”

ராவ் கூப்பிட்டார். காதில் வைத்துக்கொண்டு நின்றார். மறுபடி கூப்பிட்டார். “போனை அணைச்சு வெச்சிருக்கா சார்.”

பாபினீடு காரு ரிமோட்டைத் தட்டில் திரும்ப வைத்தார். அதை நேராக்கினார். கொஞ்ச நேரம் வெள்ளைக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி விடு. நாளைக்கு வந்ததும் கேளு,” என்றார். “அவளுக்குக் கோபம் வராத மாதிரி கேளு.”